தங்கச்சிக்கும் போன் வந்தது

எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்தது பொத்தான் வைத்த சின்னப் போன். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்த மாமா, தீபாவளிக்கு வந்தபோது அதை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் அவரே கூப்பிட்டார். நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒரு காம்பராவில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம்: கொழுந்து பறிக்கப் போகும் அம்மா, நான், எனக்கு இளைய தங்கச்சி. அப்பா எங்கள் சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். போன் அடித்ததும் அம்மா எடுத்துக் கத்திப் பேசினாள். பிறகு நான் பேசினேன். பக்கத்துக் காம்பரா அத்தையும் ஓடிவந்து நலம் விசாரித்தார். எல்லோர் முகத்திலும் சிரிப்பு.

தங்கச்சி கையை நீட்டினாள். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. எப்படி மறுப்பது என்று தெரியாமல் அம்மா போனைக் கொடுத்தாள். தங்கச்சி எங்களைப் போலவே அதைக் காதோடு வைத்துக்கொண்டு எங்கள் முகங்களைப் பார்த்தாள். எங்களைச் சிரிக்க வைத்தது எதுவென்று தேடுகிறவள்போல மற்றக் காதுக்கும் மாற்றினாள். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு போன் மற்றவர்களுடைய சாமான் என்று முடிவுகட்டிவிட்டாள். அது அதிர்ந்தால் எடுத்துவந்து எங்கள் கையில் தருவாள். அதோடு அவள் வேலை முடிந்தது.

அவளைத் தூர மாவட்டத்தில் இருந்த செவிப்புலன் அற்ற பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் விடுதியில் சேர்த்திருந்தோம். அங்கே சிங்களப் பிள்ளைகள்தான் அதிகம். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் கொஞ்சம். எழுதுவதற்கு ஆளுக்கொரு மொழி. ஆனால் சாப்பாட்டு மேசையிலும் விளையாட்டு மைதானத்திலும் எல்லோருக்கும் ஒரே சைகைதான். ஒவ்வொரு விடுமுறைக்கும் அவள் கை நிறையப் புதுச் சொற்களோடு வீட்டுக்கு வருவாள். ஆரம்பத்தில் எனக்கு அது பொழுதுபோக்கு. அவள் ‘மழை’ என்று காட்டினால் நான் திரும்பக் காட்டுவேன். பிழை விட்டால் என் விரலைப் பிடித்துத் திருத்துவாள். போகப்போக எங்களுக்குள் எதை வேண்டுமானாலும் பேசிக்கொள்ள முடிந்தது. லயத்தில் யாருக்கும் தெரியாமல் ஊர்வம்பு பேச எங்களைப்போல வசதி படைத்தவர்கள் யாரும் இல்லை.

அம்மாவுக்கு மட்டும் அந்தக் கைப்பேச்சு பிடிக்காது. அவளிடம் சொந்தமாகக் கொஞ்சம் சைகைகள் இருந்தன: சாப்பிடு, வா, தூங்கு, எங்கே போனாய். அதற்கு மேல் அவள் கற்றுக்கொள்ளவில்லை. கோயில் திருவிழாவில் நாங்கள் கையால் பேசுவதைக் கண்டால், “நாலு பேரு பாக்குற எடத்துல கைய ஆட்டாதீங்கடி. ஊர்க் கண்ணெல்லாம் இவ மேல படணுமா?” என்பாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பிள்ளையை நாலு பேர் வேடிக்கை பார்ப்பதைப் பார்த்துப் பார்த்து நொந்துபோனவள் அவள்.

படிப்பு முடிந்து தங்கச்சி தோட்டத்துக்குத் திரும்பி அம்மாவோடு கொழுந்து பறிக்கப் போனாள். பள்ளிக்கூடத்துச் சினேகிதிகள் ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டார்கள். நான் ஹட்டனில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். காலையில் பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் வருவேன். அதுவரை அவள் யாரோடும் பேசியிருக்க மாட்டாள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் தொடங்கிவிடுவாள். அன்று மலையில் யார் யாரோடு சண்டை, எந்த மரத்தில் குளவிக்கூடு, கங்காணி ஐயாவின் மீசைக்கு மை பூசியது எப்படித் தெரிந்தது, எல்லாம் வரும். களைப்பில் என் கண் மூடினால் தோளைத் தட்டி எழுப்புவாள்.

கடையில் சேர்ந்து கொஞ்ச காலத்தில் நான் ஒரு டச் போன் வாங்கினேன். பழைய போன்தான், திரையில் ஒரு மூலையில் கீறல். வீடியோ கோல் எடுக்கலாம் என்று கடையில் கூட வேலை செய்த பிள்ளை காட்டித் தந்தாள். எனக்கு உடனே தங்கச்சியின் ஞாபகம்தான் வந்தது. அவளுடைய விடுதிச் சினேகிதி ஒருத்தியின் அண்ணனுடைய நம்பர் எங்களிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவதாகச் சொல்லிவைத்தேன்.

எங்கள் காம்பராவுக்குள் படம் தெரியும் அளவுக்குச் சிக்னல் வராது. தோட்டத்துப் பாதை பெரிய ரோட்டில் ஏறும் இடத்தில் ஒரு மதகு இருக்கிறது. அங்கே நின்றால் நன்றாக வரும். தங்கச்சியை அங்கே கூட்டிக்கொண்டு போய்ப் போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். திரையில் சினேகிதி வந்தாள். மாத்தறைப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை.

தங்கச்சி முதலில் திரையைத் தொட்டுப் பார்த்தாள். அந்தப் பிள்ளை கையசைத்தாள். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். பேச்சு என்றால் அப்படியொரு பேச்சு! விரல்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடின. எனக்குப் பாதிதான் பிடிபட்டது. போனைப் பிடித்திருந்த என் கை கடுத்துப்போனது. காது கேட்கிற நாம் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சமையலே செய்வோம். அவர்களுக்கு இரண்டு கையும் வேண்டுமே. அதனால் மதகுச் சுவரில் ஒரு கல்லை வைத்து அதில் போனைச் சாய்த்துவிட்டேன். பேசி முடித்ததும் தங்கச்சி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். பிறந்ததிலிருந்து அவள் தூரத்தில் இருக்கும் ஒருவரோடு பேசியது அதுதான் முதல் தடவை.

அதிலிருந்து ஞாயிறு தவறாமல் மதகுக்குப் போவோம். பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு குழு தொடங்கியிருந்தார்கள். ரோட்டோரம் நின்று ஒரு கல்லைப் பார்த்துச் சிரித்துக்கொண்டும் கையை வீசிக்கொண்டும் இருக்கும் பெண்ணைப் பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவளுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று யாரோ அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். அம்மா கோபத்தோடு ஏறி வந்தாள்.

“போதும், எடுடி அந்த போன! ரோட்டுல நின்னு மானத்த வாங்குறியா?”

அவள் போனைப் பிடுங்கக் குனிந்தபோது திரையில் அந்த மாத்தறைப் பிள்ளை இருந்தாள். அம்மாவைக் கண்டதும் மரியாதையாகக் கும்பிட்டாள். பிறகு விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய், புருவத்தை உயர்த்திக் கேட்டாள். சாப்பிட்டாச்சா?

அம்மாவுக்குத் தெரிந்த சொற்களில் ஒன்று அது. நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு அவளும் தன் விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய்த் தலையாட்டினாள். சாப்பிட்டேன். அந்தப் பிள்ளை என்ன சாப்பாடு என்று கேட்டிருக்க வேண்டும். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, “ரொட்டியும் சம்பலும்னு எப்புடிடி சொல்றது?” என்று கேட்டாள்.

அன்றைக்குப் பிறகு மதகுக்குப் போவதை அவள் தடுக்கவில்லை. மழை நாளில் குடை பிடிக்கக்கூட வந்திருக்கிறாள்.

அந்தக் குழுவில்தான், யாரோ சினேகிதர் மூலமாக, அவளைப் போலவே காது கேட்காத ஒருவர் வந்து சேர்ந்தார். கினிகத்தேனைக்காரர், சிங்களவர், ஓட்டோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் சீட் தைக்கிற கடையில் வேலை. அவர் படித்தது வேறொரு பள்ளிக்கூடம் என்பதால் சில சைகைகள் வேறாக இருந்தன. தேயிலைக்கு அவர் ஒன்று காட்ட, இவள் ஒன்று காட்ட, எது சரி என்று பெரிய வாதம் நடக்கும். கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து புதிதாக ஒன்று செய்துகொண்டார்கள். ஒருநாள் தங்கச்சி என்னிடம் அந்தப் புதுச் சைகையைக் காட்டி, இது எங்கள் இருவருக்கும் மட்டும்தான் தெரியும் என்றபோது எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

அம்மாவிடம் நான்தான் சொன்னேன். அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். அவளுக்கு ஒன்றல்ல, பல கவலை. அக்காக்காரி இருக்கையில் தங்கச்சிக்கு எப்படி? எனக்கு அவசரமில்லை என்றேன். சாதிசனம் என்ன சொல்லும்? என்னத்தையாவது சொல்லிவிட்டுப் போகட்டும் என்றேன். அம்மாவின் உண்மையான பயம் கடைசியில்தான் வெளியே வந்தது.

“சிங்கள ஆளுகளோட நாம ஒன்னாத்தானே இருக்கோம், அது இல்ல. மொழி தெரியாத வீட்டுல கொண்டுபோயி விட்டா, அவ எப்புடிடி காலம் தள்ளுவா? பசிக்குதுன்னு கூட சொல்ல முடியாதே.”

“அம்மா, நம்ம வீட்டுல மட்டும் அவளுக்கு மொழி இருந்திச்சா?”

அதைக் கோபத்தில் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. அம்மா என்னைப் பார்த்தாள், அடுப்புக்கு எதிரே கறி கிண்டிக்கொண்டிருந்த தங்கச்சியைப் பார்த்தாள். பிறகு, “வரச் சொல்லு. பாப்போம்” என்றாள்.

அவரும் அவருடைய அம்மாவும் அண்ணனும் ஒரு வேனில் வந்தார்கள். கைகாலைக் கழுவி உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். அம்மாவுக்குக் கடைச்சாமான் வாங்கும் அளவுக்குத்தான் சிங்களம் தெரியும். எனக்குத் தெரிந்தது புடவைக் கடைச் சிங்களம். சாயம் போகாது, அகலம் போதும், வேறு நிறமும் இருக்கிறது என்றெல்லாம் கடகடவென்று சொல்வேன். சம்பந்தம் பேசுவதற்கு அது உதவுமா? நான் தேநீர் ஊற்றும் சாக்கில் அடுப்படிக்கு நழுவிவிட்டேன்.

அவருடைய அண்ணன் கவலைப்படாதீர்கள் என்று தன் போனை எடுத்து நடுவில் வைத்தார். ஒரு மொழியில் பேசினால் மறுமொழியில் அது உரக்கச் சொல்லும். முதலில் நன்றாகத்தான் போனது. ‘வாங்க, பிரயாணம் எப்படி’ என்பதையெல்லாம் போன் ஒழுங்காகச் சொன்னது. அம்மாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. போனுக்குப் பக்கத்தில் குனிந்து, மனம் விட்டுச் சொன்னாள்.

“எங்க புள்ள வாயில்லாப் பூச்சிங்க. நீங்கதான் பாத்துக்கணும்.”

போன் ஒரு கணம் யோசித்தது. பிறகு, எங்கள் பிள்ளை வாய் இல்லாத ஒரு பூச்சி, நீங்கள் அதைக் கவனிக்க வேண்டும் என்று கணீரென்ற சிங்களத்தில் சொன்னது. அவருடைய அம்மா சட்டென்று இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு நாற்காலிக்கு அடியில் பார்த்தார். எங்கள் அம்மா அவர் ஏன் பார்க்கிறார் என்று தெரியாமல் தானும் குனிந்து பார்த்தாள். தட்டோடு வந்த நான் சிரிப்பை அடக்க முடியாமல் அப்படியே நின்றுவிட்டேன்.

அந்த நேரத்தில் மாப்பிள்ளை எழுந்து போனை எடுத்து அண்ணனின் சட்டைப் பைக்குள் போட்டார். தன் அம்மாவுக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். தங்கச்சி வந்து என் பக்கத்தில், அவரைப் பார்த்தாற்போல உட்கார்ந்தாள். அவருடைய அம்மா சிங்களத்தில் மெதுவாகச் சொல்வார். மகன் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு சைகையால் தங்கச்சிக்குச் சொல்வார். தங்கச்சி எனக்குச் சொல்வாள். நான் தமிழில் அம்மாவுக்குச் சொல்வேன். பதில் அதே வழியில் திரும்பிப் போகும். இரண்டு மொழிக்காரர்களுக்கு நடுவில், காது கேட்காத இரண்டு பேர் மொழிபெயர்த்தார்கள். என் வாழ்க்கையில் நான் பார்த்த அதிசயங்களில் அது ஒன்று.

பூச்சி விவகாரமும் அந்த வழியிலேயே தீர்ந்தது. சிரித்து முடித்ததும் அவருடைய அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். அதைச் சைகையால் சொல்லும்போது மாப்பிள்ளையின் கை தயங்கியது.

“நாளைக்கு இவுங்களுக்கு ஒரு புள்ள பொறந்தா, அது அழுதா ரெண்டு பேருக்கும் கேக்காதே, என்ன செய்வாங்கன்னு கேக்குறாங்கம்மா” என்றேன்.

அதே கேள்வியை எங்கள் அம்மாவும் மனதில் வைத்திருந்தாள் என்று நினைக்கிறேன். தங்கச்சிதான் பதில் சொன்னாள். நெஞ்சின்மேல் பிள்ளையைக் கிடத்தி, அதன் முதுகில் உள்ளங்கையை வைத்துக் காட்டினாள். அழுதால் நெஞ்சுக்குத் தெரியும். அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை. அந்த அம்மா எழுந்து வந்து தங்கச்சியின் கன்னத்தைத் தடவி, எங்கள் அம்மாவைப் பார்த்து, “மம இன்னவனே” என்றார். நான்தான் இருக்கிறேனே. எங்கள் அம்மா என்னிடம் அர்த்தம் கேட்காமலே தலையாட்டினாள்.

பதிவுத் திருமணம். பிறகு எங்கள் தோட்டத்துக் கோயிலில் மாலை மாற்றினார்கள். தங்கச்சி கினிகத்தேனைக்குப் போனாள். எங்களுக்குள் தினமும் வீடியோ கோல்தான். அவள் சந்தோஷமாக இருந்தாள் என்பதைக் கையின் வேகத்திலேயே கண்டுபிடிக்கலாம்.

அவள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது கொரோனா வந்தது. புடவைக் கடையை மூடிவிட்டார்கள். நான் கினிகத்தேனைக்குப் போய் அவளோடு தங்கிக்கொண்டேன். அந்த வீட்டில் இருந்து இருந்து என் சிங்களமும் தேறியது. அந்த நோய் மற்றவர்களுக்கு என்னென்னவோ கஷ்டம் கொடுத்தது. தங்கச்சிக்கு அது கூடுதலாக ஒன்றைச் செய்தது. எல்லோர் வாயையும் மூடிவிட்டது. முகக்கவசம் போட்ட மனிதர்களின் உதட்டை அவளால் எப்படிப் படிக்க முடியும்? கடையில், கிளினிக்கில், பஸ்ஸில் அவளுக்கு எதிரே வெறும் கண்கள் மட்டும்தான். உலகம் திரும்பவும் ஊமையாகிவிட்டது என்று ஒருநாள் சொன்னாள்.

வலி கண்டது ஒரு காலை நேரம். ஆஸ்பத்திரியில் அவளை மட்டும் உள்ளே எடுத்தார்கள். கூட யாரையும் விட மாட்டோம் என்று வாசலில் சொல்லிவிட்டார்கள். அவளுக்குக் காது கேட்காது என்று சொன்னேன். காவலுக்கு நின்றவர் பாவப்பட்டார், ஆனால் சட்டம் அதுதான் என்றார். நானும் மாப்பிள்ளையும் முற்றத்தில் தகரக் கூரைக்குக் கீழே நின்றோம். மழை வேறு. அவர் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் தாண்டியிருக்கும். என் போன் அடித்தது. தங்கச்சியின் நம்பரிலிருந்து வீடியோ கோல். திரையில் முகக்கவசம் போட்ட ஒரு தாதி. வயது குறைந்தவர்தான்.

“நீங்கதானே அக்கா?” என்று சிங்களத்தில் கேட்டார். “இவர் என்னுடைய மாஸ்க்கைப் பிடித்துப் பிடித்து இழுக்கிறார். முதலில் பயந்துவிட்டேன். பிறகுதான் விளங்கியது, வாயைப் பார்க்கத்தான் இழுக்கிறார் என்று. நான் சொல்வது எதுவும் இவருக்குப் போகவில்லை. உங்கள் படத்தைப் போனில் காட்டிக் காட்டி அழுகிறார். பெரிய தாதி மிஸ்ஸிடம் கேட்டுவிட்டேன். நான் சொல்வதை நீங்கள் இவருக்குச் சொல்வீர்களா?”

“சொல்றேன் மிஸ், சொல்றேன்” என்றேன். எந்த மொழியில் சொன்னேன் என்று ஞாபகமில்லை.

அங்கே ஒரு சிற்றூழியப் பெண் போனைத் தங்கச்சியின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். இங்கே எனக்கு இரண்டு கையும் வேண்டும். என் போனை மாப்பிள்ளையிடம் கொடுத்து எனக்கு நேராகப் பிடிக்கச் சொன்னேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. திரை என் பக்கம் இருந்தது. உள்ளே நடப்பது அவருக்குத் தெரியாது. என் முகமும் என் கையும் மட்டும்தான் அவருக்குத் தெரியும். தன் மனைவியின் பிரசவத்தை அவர் என் விரல்களில்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாதியின் சிங்களம் எனக்குச் சுலபமாக இருந்தது. “தல்லு கரன்ன!” என்றார். தள்ளு என்ற நம்முடைய சொல்லேதான் அது. நான் கையால் தள்ளிக் காட்டினேன். “எப்பா, தங் எப்பா, ஹுஸ்ம கன்ன.” இப்போது வேண்டாம், மூச்சு எடு. நான் மார்பில் கைவைத்து மூச்சிழுத்துக் காட்டினேன். தங்கச்சியின் கண் என் கையை விட்டு அகலவில்லை. இடையிடையே ஒரு கையைத் தூக்கி, வலிக்கிறது அக்கா என்பாள். அதைத் தாதிக்குச் சொல்வேன். “சொல்லுங்கள், நன்றாகச் செய்கிறார் என்று சொல்லுங்கள்” என்பார்.

திடீரென்று படம் உறைந்துவிட்டது. தங்கச்சியின் முகம் பாதிக் கண் மூடியபடி அப்படியே நின்றது. குரல் மட்டும் விட்டுவிட்டு வந்தது. மற்றவர்களாக இருந்தால் குரல் போதும். எங்களுக்கு அந்தக் குரலால் என்ன பயன்? நான் மாப்பிள்ளையின் தோளைப் பிடித்து மழைக்குள் இழுத்துக்கொண்டு முற்றத்தின் நடுவுக்கு ஓடினேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. தன் தொப்பியைக் கழற்றிப் போனுக்குமேல் கூரைபோல் பிடித்தார். படம் அசைந்தது. தங்கச்சி மறுபடி என்னைக் கண்டாள். நான் நனைந்தபடி இரண்டு கையாலும் தள்ளு, தள்ளு என்று காட்டிக்கொண்டிருந்தேன். வாசல் காவலர் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு அது கேட்டது. மழைச் சத்தத்துக்குள், அந்தப் போனின் வழியாக, பிள்ளையின் அழுகை.

எனக்குக் கேட்டது. அவர்கள் இருவருக்கும் கேட்கவில்லை. திரையில் தங்கச்சி தலையைத் தூக்கித் தன் கன்னத்தில் விரலால் கோடிழுத்துக் கேட்டாள். அழுகிறதா? போனுக்குப் பின்னாலிருந்து அவரும் புருவத்தால் அதையே கேட்டார். அழுகிறதா? இரண்டு பேரும் என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சைகையில் பதில் சொன்னேன். அழுகிறது. உரக்க, ஊரே கேட்க அழுகிறது.

மாப்பிள்ளை போனைக் கீழே விட்டுவிடுவாரோ என்று பயந்தேன். விடவில்லை. பிடித்தபடியே அழுதார். உள்ளேயிருந்து தாதி, “சிங்கிதி துவெக்!” என்று கூவினார். குட்டி மகள். அதையும் சொன்னேன்.

அடுத்த நாள் அந்தத் தாதி வாசலுக்கு வந்து என்னைத் தேடினார். நன்றி சொல்ல நான் வாய் திறப்பதற்குள் தன் போனை நீட்டினார். “அக்கா, அந்தச் சைகைகளை ஒரு தடவை எனக்குச் செய்து காட்டுங்கள். வீடியோ எடுத்து வைத்துக்கொள்கிறேன்.” வலிக்கிறதா, தள்ளு, மூச்சு எடு, பொறு, பயப்படாதே. படியில் நின்று எல்லாவற்றையும் செய்து காட்டினேன். பயப்படாதே என்பதை அவர் தானும் செய்து பார்த்து, சரிதானா என்று கேட்டார். சரிதான் என்றேன்.

சில மாதங்களுக்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. கொத்மலைப் பக்கத்திலிருந்து காது கேட்காத ஒரு பெண் பிள்ளைப்பேற்றுக்கு வந்தாராம். அந்த வீடியோவை வைத்துச் சமாளித்தார்களாம். தாயும் பிள்ளையும் சுகம். “உங்கள் தங்கையிடம் சொல்லுங்கள், அவர் என் மாஸ்க்கை இழுத்தது நல்லதாகப் போயிற்று” என்று சொல்லிச் சிரித்தார். தங்கச்சிக்குச் சொன்னபோது அவள் வெட்கப்பட்டாள். அந்தத் தாதியின் முழு முகத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. ரோட்டில் எதிரே வந்தாலும் எனக்குத் தெரியாது. ஆனாலும் கும்பிடும்போதெல்லாம் அந்தக் கண்களை நினைத்துக்கொள்கிறேன்.

பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்கிறது. பேச்சு வருவதற்கு முன்பே கை வந்துவிட்டது. பால் வேண்டும் என்பதைத்தான் முதலில் விரலை மடக்கி விரித்துக் கேட்டாள். பிறகு பாட்டியோடு சிங்களம், எங்களோடு தமிழ். எங்கள் அம்மாகூட இப்போது நிறையச் சைகை கற்றுக்கொண்டிருக்கிறாள். பேத்தியோடு கதை பேச வேண்டுமே. லயத்துக்குள்ளும் இப்போது சிக்னல் வந்துவிட்டதால் சம்பந்திகள் இரண்டு பேரும் தாங்களாகவே வீடியோ கோல் எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் சிங்களம், ஒருவர் தமிழ், நடுவில் கை. அடுப்பிலிருக்கிற சட்டியைச் சாய்த்துக் காட்டுவதும், என்ன தூள் போட்டாய் என்று மூக்கால் மணந்து காட்டுவதும், யாரும் மொழிபெயர்க்காமலே நடக்கிறது. ஒருநாள் பாதி நேரம் வேறு வேறு விஷயத்தைப் பேசியிருக்கிறார்கள். ஒருவர் முழங்கால் வலியைப் பற்றி, மற்றவர் கோழியைப் பற்றி. இருவருக்கும் திருப்தி.

போன சித்திரைப் புத்தாண்டுக்கு எல்லோரும் கினிகத்தேனையில் கூடினோம். சம்பந்தி அம்மா கொண்டைப் பலகாரம் சுட்டு அடுக்கியிருந்தார். சாப்பாட்டுக்கு முன்னால் தொடக்கூடாது என்று பேத்தியிடம் கண்டிப்பாகச் சொன்னார். தங்கச்சிக்கு அந்தப் பேச்சு தெரியாது, அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். குட்டி ஓடிப்போய் அவள் கையைத் தட்டி, பாட்டி எனக்கு இரண்டு தரச் சொன்னார் என்று சைகையால் சொன்னாள். தங்கச்சி தாராளமாக இரண்டு எடுத்துக் கொடுத்தாள். பாட்டி முறைத்துப் பார்த்ததும், குட்டி சிங்களத்தில், அம்மாதான் கொடுத்தார் என்றாள். எங்கள் அம்மா என்ன நடந்தது என்று கேட்டதற்கு, சிங்களப் பாட்டியைக் காட்டித் தமிழில், “அப்பாயி பாசத்துல குடுத்தாங்க அம்மாயி” என்றாள்.

மூன்று மொழியும் தெரிந்தவர்கள் அந்த வீட்டில் அவளும் நானும் மட்டும்தான். அவள் மெல்ல என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் காட்டிக்கொடுக்கவில்லை. ஒன்றை எனக்கும் தா என்று கையை மட்டும் நீட்டினேன்.